நீ கேட்ட ஒரு 'சரி'

டேய் சாமி,

ஞாயிற்றுக்கிழமை போனில் "உன் இஷ்டம்" என்று சொன்னேன் அல்லவா, அதை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீ சிங்கப்பூரில் மாமா வீட்டு வராந்தாவில் நின்றுகொண்டு, "அப்பா, ஒரே ஒரு வார்த்தை. சரின்னு சொல்லுப்பா, அது போதும்" என்று கேட்டாய். நான் இங்கே மல்பெரித் தோட்டத்து வரப்பில், அக்குளில் தழைக்கட்டோடு நின்றிருந்தேன். வாய் வரவில்லை. கடைசியில் "உன் இஷ்டம்டா" என்றேன். நீ "தேங்க்ஸ்ப்பா" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். அடேய், நம் பக்கத்தில் ஓர் அப்பன் "உன் இஷ்டம்" என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? பிடிக்காத சம்பந்தத்துக்கும், விற்க மனமில்லாத நிலத்துக்கும் நாங்கள் சொல்கிற வார்த்தை அது. மாட்டேன் என்று சொல்லத் தைரியம் இல்லாதவன் சொல்வது. உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு போனை வைத்தாய். நீ என் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் நாலு பேர் படிக்கவும் கொடுத்திருக்கிறேன். கோபப்படாதே. உன் பேரும் இல்லை, என் பேரும் இல்லை. வெளிநாட்டில் பிள்ளை பெற்று, இரண்டு பக்கமும் இருக்கட்டுமே என்று இரண்டு நாட்டிலும் பதிந்து வைத்திருக்கிற தகப்பன்மார் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களாவது விழித்துக்கொள்ளட்டும். ஊரறியச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது கடைசியில் வரும்.

நான் சிங்கப்பூருக்குப் போனது கப்பல் பட்டறையில் எலக்ட்ரீசியன் வேலைக்கு. உன் அம்மா அந்த ஊர்க்காரி, அவள் தாத்தா காலத்திலேயே அங்கே போய் நிலைத்துவிட்ட குடும்பம். நீ பிறந்ததும் அம்மா வழியில் அந்த நாட்டுக்குப் பிள்ளை ஆகிவிட்டாய். எனக்கு மனசு கேட்கவில்லை. என் பிள்ளை என் நாட்டுக்கும் பிள்ளையாக இருக்க வேண்டாமா? அங்கே இருக்கிற நம் நாட்டுத் தூதரகத்துக்கு ஓடிப் போய் அங்கேயும் உன்னைப் பதிந்து, இந்தியப் பாஸ்போர்ட்டும் எடுத்தேன். உன் அம்மா படுக்கையிலிருந்தே சிரித்தாள். "ஒருத்தனுக்கு ரெண்டு வீடு. எங்க சோறு நல்லாருக்கோ அங்க சாப்பிட்டுக்கட்டும்" என்றாள். உனக்கு நாலு வயது நடக்கும்போது அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். ரத்தத்தில் வந்த நோய், மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. அந்த ஊரில் ஒண்டியாக உன்னை வைத்துக்கொண்டு ஷிப்ட் வேலைக்குப் போக முடியாமல், உன்னைத் தூக்கிக்கொண்டு மொரப்பூரில் ரயில் இறங்கினேன். பிளாட்பாரத்தில் நீ கேட்ட முதல் கேள்வி, "அப்பா, இங்க ஏன் ஏரோப்ளேன் இல்ல?" என்பது.

ஏரோப்ளேன் இல்லாமல் இல்லை. மேலே, எறும்பு மாதிரி, பெங்களூர்ப் பக்கம் போய்க்கொண்டுதான் இருக்கும். நாங்கள் யாரும் அண்ணாந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான். நீதான் பார்த்தாய். பட்டுப்புழுக் கொட்டகையில் எனக்கு ஒத்தாசையாகத் தழை போடும்போதும் உன் காது வெளியேதான் இருக்கும். ஒரு நாள் மத்தியானம் டமார் என்று வானமே உடைந்த மாதிரி ஒரு சத்தம். புழுத் தட்டெல்லாம் கிடுகிடுவென ஆடின. ஊரில் எல்லோரும் பூகம்பம் பூகம்பம் என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். நானும் உன்னை இழுத்துக்கொண்டு ஓடினேன். நீ மட்டும் நடுத்தெருவில் நின்று பல்லைக் காட்டிச் சிரித்தாய். "பூகம்பம் இல்லப்பா. சண்டை பிளேன். சத்தத்தவிட வேகமா போனா இப்படித்தான் வெடிக்கும். ஸ்கூல்ல சொன்னாங்க" என்றாய். அன்றைக்கு ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் அதத்தான் ஓட்டப் போறேன்" என்றாய். சரிடா ஓட்டு, முதலில் ரசத்தை ஊற்றிச் சாப்பிடு என்றேன். அந்தச் சரியை நான் யோசித்துச் சொல்லவில்லை.

அடுத்த வருடமா அதற்கடுத்த வருடமா தெரியவில்லை, அரூர் ரோட்டில் ஒரு பட்டாளத்துக்காரரின் உடல் வந்தது. எல்லையில் போனவர், பக்கத்து ஊர்க்காரர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். உன்னைத் தேடிக்கொண்டு நானும் வந்து நின்றேன். கொடி போர்த்திய பெட்டியோடு வண்டி மெதுவாக வந்தது. அந்த மனிதரின் அப்பா பின்னாலேயே நடந்து வந்தார், வேட்டியின் ஒரு முனையைக் கையில் பிடித்தபடி. அழவில்லை. எங்கே பார்க்கிறோம் என்றே தெரியாத மாதிரி ஒரு பார்வை. நீ நெஞ்சை நிமிர்த்திச் சல்யூட் அடித்தாய். எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். நான் அந்த அப்பாவைப் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு உன் ஆசைமேல் பயம். உன்னிடம் சொன்னதில்லை. சொன்னால் அபசகுனம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இனி நம் இரண்டு பேரையும் கவிழ்த்த கதைக்கு வருகிறேன். உன் அம்மா நாட்டில் ஆண்பிள்ளை என்றால் பதினெட்டு வயதில் படையில் சேர்ந்து இரண்டு வருடம் இருந்தே ஆக வேண்டும். நீ இங்கே களி தின்று வளர்ந்தாலும் கணக்கில் அவர்கள் பிள்ளை. நீ சின்னப் பையனாக இருந்தபோதே மாமா அங்கே ஜாமீன் கையெழுத்துப் போட்டு, வெளிநாட்டில் படிக்க உனக்கு அனுமதி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிளஸ் டூ முடித்ததும் நீ இங்கே விமானப்படைப் பரீட்சை எழுதத் துடித்தாய். அதே நேரத்தில் அங்கிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். போகாமல் இருந்தால் மாமா மாட்டிக்கொள்வார், நீ உன் அம்மாவின் சமாதியைக்கூடப் பார்க்கப் போக முடியாது. சரி என்ன செய்யலாம் என்று நானும் மாமாவும் போனிலேயே பேசிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தோம். "மொதல்ல அவன் ரெண்டு வருஷத்த ஒழுங்கா முடிக்கட்டும் மாப்ள. முடிச்சவன்தான் இருபத்தொரு வயசுல இந்த நாட்ட வேணாம்னு எழுதிக் குடுக்க முடியும். குடுத்துட்டு ஊருக்கு வந்து உங்க ஏர்ஃபோர்ஸ்ல சேரட்டும்" என்றார் மாமா. எவ்வளவு நேர்மையான யோசனை! இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் பயந்த இரண்டு பேர் உட்கார்ந்து போட்ட திட்டம். நீ தலையை மொட்டையாக வெட்டிக்கொண்டு அங்கே துப்பாக்கி தூக்கப் போனாய்.

எங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. இரண்டு நாட்டுப் பிள்ளையாக வளர்கிறவன், பதினெட்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் மற்ற நாட்டை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும். இது நம் நாட்டுச் சட்டம். இருபத்தொன்று ஆகாமல், படைச்சேவை முடிக்காமல் விடவே முடியாது. இது அந்த நாட்டுச் சட்டம். இப்போது சொல், மனிதன் எங்கே போய் முட்டிக்கொள்வது? அந்த ஆறு மாதமும் நீ ஏதோ ஒரு தீவில் சேற்றில் தவழ்ந்துகொண்டிருந்தாய். நான் இங்கே பட்டுக்கூட்டு விலை ஏறுகிறதா என்று அங்காடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தகவல் கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. நீ இந்தியன் இல்லாமல் போன அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். தழைதான் வெட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

சேவை முடித்துப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போன இடத்தில்தான் உனக்கு விஷயம் தெரிந்தது. இந்தியப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் நீ சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டில் விசா குத்திக்கொண்டு நம் வூட்டுக்கு வந்தாய். தர்மபுரியில் ஒரு வக்கீலிடம் போனோம். நல்ல மனிதர், காசு ஆசை இல்லாதவர், அதனால் உண்மையை அப்படியே சொல்லிவிட்டார். "திரும்ப இந்தியன் ஆகறதுக்கு வழி இருக்குதுங்க. ஆனா வருஷக்கணக்குல ஆகும். தம்பிக்கு வயசு தாண்டிப்போயிடும். அப்படியே ஆனாலும், இன்னொரு நாட்டு ராணுவத்துல துப்பாக்கி புடிச்சவன இங்க பைலட் சீட்டுல உக்கார வெப்பாங்களா? நீங்களே சொல்லுங்க."  திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாய். நான் கடலை வாங்கிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான். இருபது வயதுப் பையன் மடியில் கடலைப் பொட்டலத்தை அப்படியே வைத்துக்கொண்டு மொரப்பூர் வரைக்கும் வந்தாய்.

மறுநாள் காலையில் போலீஸ்காரர் வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? வண்டியை வேலி ஓரமாக நிறுத்திவிட்டு, "இங்க ஃபாரினர் யாரோ வந்து தங்கியிருக்காங்களாமே. யாருங்க அது?" என்று கேட்டார். நீ லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகை வாசலில் குந்தி, களியைக் கீரைக் குழம்பில் தொட்டு விழுங்கிக்கொண்டிருந்தாய். இவன்தாங்க, என் பையன் என்றேன். "ஏங்க, காலங்காத்தால வெளையாடாதீங்க" என்றார். நீ கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, "நான்தாங்க சார்" என்று சிரித்தாய். நம் ஆழ்குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் இருக்குமே, பல்லில் அந்தப் பழுப்புக் கறை, எத்தனை தேய்த்தாலும் போகாதது, அது தெரிந்தது. அந்த மனிதர் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "பல்லப் பாத்தாலே தெரியுதே தம்பி, நம்ம தண்ணி குடிச்ச ஒடம்புன்னு. எனக்கும் இதே பல்லுதான். ஆனா பேப்பர்ல வேற மாதிரி இருக்குது. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க" என்றார். வெளிநாட்டுக்காரன் வந்து தங்கினால் வீட்டுக்காரன் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். உன்னைப் பற்றி நான் எழுதிக் கொடுத்தேன், சாமி. என் வூட்டில் ஒரு வெளிநாட்டுக்காரன் தங்கியிருக்கிறான் என்று. அவர் டீ குடித்துவிட்டுத்தான் போனார். போகும்போது உன் தோளைத் தட்டினார். நான் கொட்டகைக்குள் போய்ப் புழுத் தட்டுகளுக்கு நடுவில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அது உனக்குத் தெரியாது.

அப்புறம் நீ திரும்பிப் போனாய். ஒரு வருடம் எதையோ படித்தாய், ஏதோ வேலைக்குப் போனாய். உன் குரலில் உயிரே இல்லை. போன மாதம் திடீரென்று போன் செய்து, "அப்பா, என்னைப் பைலட் டிரெய்னிங்குக்கு எடுத்துட்டாங்க" என்று கத்தினாய். இந்தப் பக்கம் சாத்திய கதவை அந்தப் பக்கத்து விமானப்படை திறந்துவிட்டது. கண் பார்த்தார்கள், முதுகெலும்பு பார்த்தார்கள், பல்லைப் பற்றிக் கேட்டார்கள், எங்க ஊர்த் தண்ணி என்று சொன்னேன் என்றாய். எங்க ஊர் என்று சொன்னாயே, அது போதும் என்று எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு மெதுவாக மீதியைச் சொன்னாய். வருகிற திங்கட்கிழமை கையைத் தூக்கி உறுதிமொழி எடுக்க வேண்டும், சேர்ந்தால் பல வருடம் விட்டு வர முடியாது. நான் வக்கீலிடம் ஓடினேன். இப்போது விலகி, சாதாரண வேலை பார்த்துக்கொண்டு இருந்தால், வெளிநாட்டு இந்தியர்களுக்குத் தருகிற அட்டைக்கு, நீ முடித்தது கட்டாயச் சேவைதான் என்று காட்டி முட்டி மோதிப் பார்க்கலாமாம். அது கிடைத்துவிட்டால் ஆயுசுக்கும் விசா இல்லாமல் வந்து போகலாம், இங்கேயே குடியிருக்கலாம். வெளிநாட்டுப் படையில் அதிகாரியாகச் சேர்ந்துவிட்டால், ஓய்வு பெற்ற பிறகும் அந்த அட்டை கிடையாது. ஒவ்வொரு முறையும் அங்கே மேலதிகாரியைக் கேட்டு, இங்கே விசா கேட்டு, இரண்டு பேரும் மனசு வைத்தால் வரலாம். திங்கட்கிழமை நீ தூக்கப்போகிற கை இந்த வாசலைத்தான் சாத்தப் போகிறது. உனக்கு இது முன்பே தெரியும் என்பது அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. அதற்குத்தான் அந்தச் சரியைக் கேட்டிருக்கிறாய்.

என் மனதில் இருப்பதை மறைக்காமல் சொல்கிறேன். எனக்கு இது பிடிக்கவில்லை. "அந்த நாட்டுக்கு யாரோடயும் சண்டை இல்லப்பா" என்கிறாய். சண்டை இல்லாத நாடு எதுக்குடா சண்டை விமானம் வாங்குகிறது என்று கேட்டால், "சண்டை வராம இருக்கத்தான்" என்கிறாய். இந்த மாதிரிப் பதிலை எந்த ஊரில் சொல்லிக் கொடுக்கிறார்கள்? உலகம் போகிற போக்கை நானும் டிவியில் பார்க்கிறேன். ஒரு நாள் எவனோ ஒருவன் உன்னிடம், அதோ அங்கே போடு என்பான். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் ஒரு கூரை தெரியும். அதற்குக் கீழே என்னை மாதிரி ஒருவன் புழுவுக்குத் தழை போட்டுக்கொண்டிருப்பான், அவன் உனக்குத் தெரியமாட்டான். இல்லையென்றால் உனக்கே ஒன்று ஆகும். அரூர் ரோட்டில் வந்தவருக்கு ஊரே திரண்டது. அவர் எந்த மண்ணுக்காகப் போனாரோ அந்த மண்ணிலேயே புதைத்தார்கள். உன்னை எந்த ரோட்டில் கொண்டுவருவார்கள்? எந்தக் கொடியைப் போர்த்துவார்கள்? நான் எந்த வண்டிக்குப் பின்னால் நடப்பது? அதற்கும் நான் விசா எடுக்க வேண்டுமே, பாவி!  என் சாவைப் பற்றிக் கவலைப்படாதே. அதற்கு உன் சித்தப்பா மகனிடம் சொல்லி வைத்துவிட்டேன். அவன் கொள்ளி வைப்பான், உனக்காகப் பெட்டியில் ஐஸ் போட்டுக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இத்தனையும் இருக்கும்போது, வேண்டாம் என்று போனிலேயே சொல்லியிருக்கலாமே, ஏன் வாய் வரவில்லை என்று கேட்பாய். அதற்கு அந்தக் கிடாயைப் பற்றி நாம் பேச வேண்டும். இத்தனை வருடமாக நாம் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. உனக்கு ஒன்பது வயதில் டெங்குக் காய்ச்சல் வந்து, தர்மபுரி ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாய். உன் அம்மாவையும் இப்படித்தான் படுக்கையில் பார்த்தேன் என்ற பயத்தில், பையன் பிழைத்தால் கிடா வெட்டுகிறேன் என்று நம் முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டேன். நீ பிழைத்தாய். வாங்கிய குட்டி சின்னது, வளரட்டும் என்று உன் கையில்தான் கயிற்றைக் கொடுத்தேன். அதுதான் நான் செய்த மடத்தனம். மல்பெரித் தழையைத் திருடித் திருடி அதற்குப் போட்டாய். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வேலியோரமே உன் குரல் கேட்டுக் கத்தும். கருப்பன் என்று பேர் வேறு வைத்தாய்.

அன்றைக்குக் கோயிலில் பங்காளிகள் எல்லோரும் கூடியிருந்தார்கள். மாலை போட்டு, பூசாரி மஞ்சள் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றினார். ஆடு உடம்பைச் சிலுப்ப வேண்டும், சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, ஆடும் சம்மதித்துவிட்டது. உன் கருப்பன் சிலுப்பவில்லை. சும்மா நின்றுகொண்டு உன்னையே பார்த்தது. மறுபடி ஊற்றினார்கள். நின்றது. வெயில் ஏறிக்கொண்டே போகிறது, பம்பைக்காரர்கள் அடித்துக் களைத்துவிட்டார்கள். பூசாரி சுற்றிப் பார்த்துவிட்டு, "வூட்ல யாரோ மனசுல கொற வெச்சிருக்காங்கப்பா. அதான் சாமி மொகம் குடுக்கல" என்றார். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். உன் கண் முழுக்கத் தண்ணீர். என் பெரியப்பா மகன், "பையன சரின்னு சொல்லச் சொல்லுப்பா. அவனுக்காகத்தான நேந்துகிட்டது" என்றான். நான் உன் தோளைப் பிடித்தேன். பிடித்தேன் என்ன, அமுக்கினேன். "சரின்னு சொல்லுடா" என்றேன். நீ தலையை ஆட்டினாய், மாட்டேன் என்று. "ஊரே நிக்குது பாரு, சொல்லுடா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். நீ சரி என்றாய். உடனே ஒரு குடம் தண்ணீரை அப்படியே கவிழ்த்தார்கள். ஆடு சிலுப்பியது.

அன்றைக்கு ராத்திரி கறிச் சோறு. நீயும் சாப்பிட்டாய், பசி. சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "நான் சரின்னு சொன்னதாலதான் அது சிலுப்புச்சாப்பா?" என்று கேட்டாய். குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் எந்த ஆடும் சிலுப்பும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் நீ சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். தூங்குடா, காலையில் ஸ்கூல் இருக்கிறது என்றேன். நீ ரொம்ப நேரம் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, "சரின்னு சொல்லுப்பா" என்று நீ கேட்டபோது எனக்குக் கேட்டது என் குரல்தான். அன்றைக்கு உன் தோளை அமுக்கினேன், இன்றைக்கு நீ என் தோளை அமுக்குகிறாய். நான் சரி சொன்னால், நாளைக்கு அந்த வானத்தில் உனக்கு ஒன்று ஆனால், நான் சொன்னதால்தானே என்று கேட்டுக்கேட்டே சாக வேண்டியிருக்கும். அந்தப் பாரம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், நீ அதை ஒன்பது வயதில் தூக்கியவன். உன் மேல் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டார்கள், நினைத்துப் பார். பதினெட்டு வயதில் ஒரு நாடு கூப்பிட்டது, போனாய். நானும் மாமாவும் திட்டம் போட்டோம், தலையாட்டினாய். இன்னொரு நாடு உன்னைக் கேட்காமலே பேரை அடித்துவிட்டது, அதற்கும் பேசாமல் பஸ்ஸில் ஏறினாய். உன் வாழ்க்கையில் நீயாகச் சொன்ன சரி ஒன்றுகூட இல்லையே, சாமி. நடுத்தெருவில் நின்று சிரித்தாயே, அது ஒன்றுதான் உன்னுடையது.

அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். அன்றைக்கு ஊர் முன்னால் உன்னிடமிருந்து ஒரு சரியைப் பிடுங்கினேன். இன்றைக்கு அதே ஊர் முன்னால் சொல்கிறேன், நான் சரி சொல்லமாட்டேன். நாளைக்கு யாரும் உன்னிடம் வந்து, உங்கப்பாதான் ஆசைப்பட்டு அனுப்பினார் என்று சொல்ல முடியாது. என்னிடமும் யாரும் வந்து சொல்ல முடியாது. என் சரியைக் கையில் பிடித்துக்கொண்டு நீ அந்த விமானத்தில் ஏறினால், பாதி வானத்தில் பயம் பிடிக்கும்போது அப்பா சொன்னாரே என்று நினைப்பாய். அங்கே அந்த நினைப்பு எதற்கும் உதவாது. அப்பன் வேண்டாம் என்ற பிறகும் போகிறவன் தன் காலால் போகிறான். நிற்கிறவனும் தன் காலால் நிற்கட்டும். எனக்குப் பயந்து நிற்காதே, அது இன்னும் கேவலம். இரண்டில் எதைச் செய்தாலும் நான் உனக்கு அப்பன்தான். நீ விசா எடுத்துக்கொண்டு வந்தால், ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து உனக்குக் களி கிண்டிப் போடுவேன். போலீஸ்காரருக்கும் ஒரு டீ.

திங்கட்கிழமை காலையில் அவர்கள் உன் பேரைக் கூப்பிடும்போது என்னை நினைக்காதே. கருப்பனை நினைத்துக்கொள். உன் மேல் யாராவது தண்ணீர் ஊற்றுகிறார்களா என்று ஒரு தடவை பார். ஊற்றவில்லை, நானாகத்தான் நிற்கிறேன் என்று தெரிந்தால் கையைத் தூக்கு.

எனக்குச் சம்மதம் இல்லை, சாமி. போய்ட்டு வா.

அப்பா